ஜப்பானுக்குப் புதுசா? முதல் சில வாரங்களுக்குக் கொன்பினிதான் துணை

ஜப்பானுக்கு வந்து இறங்கியதும் வீடு, வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு எல்லாம் சரியாக அமையச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை கைகொடுக்கப் போவது தெருமுனைக் கொன்பினிதான், அதாவது எல்லாம் கிடைக்கும் சின்னக் கடை. செவன் இலெவன், ஃபேமிலி மார்ட், லாசன் மூன்றும் எங்கும் இருக்கும். ஹொக்கைடோ பக்கம் போகிறவர்கள் செய்கோமார்ட்டை அதிகம் பார்ப்பீர்கள். நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட கடைகள். பெரும்பாலானவை 24 மணி நேரமும் திறந்திருக்கும். நொறுக்குத்தீனிக் கடைதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஆனால் சாப்பாடு வாங்கும்போது மட்டும், முக்கியமாகச் சைவம் சாப்பிடுகிறவர்கள், படம் பார்த்து நம்பிவிடக் கூடாது. அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் காசு. செவன் இலெவனில் இருக்கும் செவன் பேங்க் ஏடிஎம்மில் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை வைத்து யென் எடுக்கலாம். திரையில் ஆங்கிலம் உண்டு. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உங்கள் வங்கியில் சொல்லி, வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை இயக்கி வைத்துவிடுங்கள். எந்த நாணயத்தில் கணக்கிட வேண்டும் என்று இயந்திரம் கேட்டால் யென்னையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அமுக்கினால் மாற்று விகிதத்தில் நமக்குத்தான் நஷ்டம். ரயிலுக்கு வாங்கும் சுயிகா, பாஸ்மோ அட்டையைக் கொன்பினிக் கல்லாவிலும் பயன்படுத்தலாம்; ரொக்கம் கொடுத்து அங்கேயே அதில் பணமும் ஏற்றிக்கொள்ளலாம்.

கல்லாவில் ஊழியர் கடகடவென்று பேசினால் பதற வேண்டாம். எப்போதும் கேட்பது இரண்டு மூன்று கேள்விகள்தான். "ஃபுகுரோ" என்று காதில் விழுந்தால் பை வேண்டுமா என்கிறார். 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தனியாகச் சில யென் வாங்குகிறார்கள். "அதாதமே" என்று வந்தால் சூடாக்கித் தரவா, "ஹஷி" என்றால் சாப்பிடக் குச்சி வேண்டுமா. வேண்டும் என்றால் "ஒனெகாய்ஷிமஸ்", வேண்டாம் என்றால் "தைஜோபு தெஸ்". அவ்வளவு போதும். பணத்தைக் கையில் கொடுக்காமல் தட்டில் வையுங்கள். பல கடைகளில் இயந்திரத்திலேயே நீங்கள் போட வேண்டியிருக்கும். டிப்ஸ் கிடையாது. விலைச்சீட்டில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் வரி சேர்க்காத விலை. வீட்டுக்கு எடுத்துப் போகும் உணவுக்கு 8%, கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10%.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் கண்ணில் படுவது ஓனிகிரி என்ற முக்கோணச் சோற்று உருண்டை. உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். உச்சியில் இருக்கும் 1-ஐப் பிடித்து நடு நாடாவைக் கீழே இழுத்துப் பின்பக்கம் வரை கிழித்தெடுங்கள். அப்புறம் 2, 3 என்ற இரண்டு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் உருவுங்கள். சோற்றுக்கும் கடற்பாசித் தாளுக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலமும் கூடவே வந்துவிடும். தாள் நமத்துப் போகாமல் மொறுமொறுப்பாக இருப்பது அந்தப் படலத்தால்தான்.

உள்ளே உமே என்ற ஊறவைத்த புளிப்புப் பழமோ, கொம்பு என்ற கடற்பாசியோ இருந்தால் சைவம் என்றுதான் தோன்றும். பலவற்றில் கட்ஸுவோ மீன் சாறு சேர்ந்திருக்கும். நம்மூர் மாசிக் கருவாடு செய்யும் அதே சூரை மீன்தான் அது. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷி பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. நூடுல்ஸ் சூப், ஓடென் (சாற்றில் வேகவைத்த முட்டை, முள்ளங்கி போன்றவை), நத்தோவோடு (புளிக்கவைத்த சோயா பருப்பு) வரும் குட்டிச் சாஸ் பாக்கெட் என்று எல்லாவற்றிலும் அது இருக்கலாம். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: லேபிளில் ஒவ்வாமைக்காக முட்டை, பால், கோதுமை, இறால் போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், அந்தப் பட்டியலில் கட்ஸுவோ கிடையாது. அதனால் ஒவ்வாமை வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், சேர்மானப் பட்டியல் முழுவதையும் கூகுள் லென்ஸில் பாருங்கள். புத்தா (பன்றி), கியூ (மாடு), தொரி (கோழி), கட்ஸுவோ, ஜெராச்சின் (ஜெலட்டின்), ராதோ (பன்றிக் கொழுப்பு) ஆகியவற்றை ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஹலால் பார்க்கிறவர்கள் சாகே, மிரின் என்ற இரண்டு அரிசி மதுக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று ஊழியரிடம் கேட்பதை நான் நம்புவதில்லை. அவர்கள் உதவத்தான் பார்ப்பார்கள், ஆனால் இறைச்சி என்றதும் மீன் சாறு அவர்கள் நினைவுக்கு வராது. கல்லாப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் சூடாக இருப்பவற்றில் ஒட்டிய லேபிளே இருக்காது. நிகுமான் பன்றி இறைச்சி பன். இனிப்பான அன்மானிலும் சில சமயம் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். உருளைக்கிழங்கு வறுவல் என்றாலும் கோழி பொரித்த அதே எண்ணெய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைச் சாப்பிடுவது? வாழைப்பழம், பால், சோயா பால், வறுத்த பருப்புகள், டோஃபு, உறைநிலையில் வரும் எதமாமே (பச்சைச் சோயா காய்). முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு அவித்த முட்டை. எல்லாவற்றையும் விட உபயோகமானது பாக்கெட்டில் வரும் வெந்த வெள்ளைச் சோறு. மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் போதும். ஊரிலிருந்து பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுவந்திருந்தால் முதல் வாரம் நிம்மதியாக ஓடிவிடும்.

வீடு அமைந்ததும் கரண்ட், தண்ணீர், தேசிய மருத்துவக் காப்பீடு என்று பார்கோடு போட்ட சீட்டுகள் தபாலில் வரத் தொடங்கும். கல்லாவில் நீட்டிப் பணம் கட்டலாம், பெரும்பாலும் ரொக்கமாக. முத்திரை குத்தித் தரும் பாதியைப் பத்திரப்படுத்துங்கள். மை நம்பர் கார்டு என்ற அரசு அடையாள அட்டை கைக்கு வந்துவிட்டால், பெரும்பாலான நகராட்சிகளில் குடியிருப்புச் சான்றிதழைக் கொன்பினியின் நகல் இயந்திரத்திலேயே காலை 6:30 முதல் இரவு 11 வரை எடுக்கலாம். பெட்டி அனுப்ப வேண்டும் என்றால் செவன் இலெவனிலும் ஃபேமிலி மார்ட்டிலும் யமாதோ கூரியர், லாசனில் தபால் துறையின் யூ-பேக்.

அடுப்பு வந்த பிறகும் தினமும் கொன்பினியிலேயே வாங்கினால் கை கடிக்கும். அதே பாலும் முட்டையும் சூப்பர் மார்க்கெட்டில் மலிவு. டோக்கியோவில் இருப்பவர்களுக்கு நிஷி கசாய் பக்கம் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. தூரத்து ஊர்களில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், துவரம்பருப்பும் மசாலாவும் ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வந்துவிடும்.