புகையில் சிவக்கும் பூரணை நிலவு: ஒளிப்படம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுத்தீயின் புகையானாலும் வயலில் எரியும் வைக்கோலின் புகையானாலும், அதன் நுண்துணிக்கைகள் நிலவொளியிலுள்ள நீலத்தைச் சிதறடித்து, சிவப்பையே பெரும்பாலும் நம் கண்ணுக்கு வரவிடுகின்றன. கமராவின் தானியங்கி வசதிகள் ஒவ்வொன்றும் அந்தச் சிவப்பை ஒரு குறையாகக் கருதித் திருத்த முனைவதால், அதைக் காப்பாற்றும் பொறுப்பு எடுப்பவருடையது.

மட்டக்களப்பில் தவறு இடத்தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. பூரணை மாலையில் பலரும் கல்லடிக் கடற்கரையை நாடுகின்றனர். கடலிலிருந்து எழும் நிலவும் சிவந்துதான் தெரியும். ஆனால் அது அடிவானத்தில் ஒளி கடந்துவரும் தடித்த காற்றுப்படையால் விளைவது, நிலவு சற்று உயர்ந்ததும் வெளிறிவிடும். அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கப்படும் நாட்களில் புகை தங்குவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வெளிகளுக்கு மேலேதான். ஆகவே விடியுமுன் கிழக்குக் கரையான எழுவான்கரையில், வாவியின் ஓரத்தில் நின்று, மேற்கே இறங்கும் நிலவை எடுப்பதே பொருத்தம். அம்பாறைக் கரையோரத்தாருக்கும் வயல்கள் மேற்கிலேயே இருப்பதால் இதுவே பொருந்தும். நிலவு மறையும் நேரத்தை நாட்காட்டியில் பார்த்து, அந்த நேரத்துக்கே வந்து சேருவது அடுத்த தவறு. அடர்ந்த புகையில் நிலவு அடிவானத்தைத் தொடுமுன்பே மங்கிக் காணாமற்போகும் என்பதால், ஒரு மணித்தியாலமாவது முந்தி வர வேண்டும்.

மிகுதியான படங்கள் கெடுவது ஒளியளவில். தெளிந்த வானின் முழுநிலவுக்கு எஃப் 11 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஐ.எஸ்.ஓ. 100 (ஒளியுணர்திறன்), 1/100 வினாடி (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) என்பது நெடுநாளாக வழங்கும் விதி. புகைக்குள் அதை அப்படியே பின்பற்றினால் படம் இருண்டுவிடும். உதாரணமாக, ஒளி 32இல் ஒரு பங்காகக் குறைந்திருந்தால் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400, 1/50 வினாடி தேவைப்படும். மாறாக, அளவீட்டைக் கமராவிடமே விட்டால், அது சுற்றியுள்ள கரிய வானத்தைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிட, நிலவு வெறும் மஞ்சள் தட்டாக எரிந்துபோகும். கமரா பதியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் இங்கு முதலில் நிரம்பி வழிவது சிவப்புதான். பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளியளவுப் பரம்பலைக் காட்டும் வரைபு) அதை மறைத்துவிடக்கூடும் என்பதால், சிவப்பைத் தனியே காட்டும் வரைபைத் திறந்து பார்ப்பது அவசியம்.

வைட் பலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, தானியங்கியில் விடுவதும் இதற்குச் சமமான இழப்பே. அதைப் பகலொளி நிலையில், ஏறத்தாழ 5,500 கெல்வினில் நிறுத்தி, ரோ கோப்பாக (கமரா திருத்தாத மூலப் பதிவாக) பதிவு செய்யுங்கள்.

இருளை ஈடுசெய்ய ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைப்பவர்கள், நிலவு ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் தன் விட்டத்தளவு வானில் நகர்ந்துவிடுவதை மறந்துவிடுகின்றனர். 400 மி.மீ. லென்ஸில் ஒரு வினாடி திறந்தாலே விளிம்பு கரைந்துவிடும். ட்ரைபொட் இதைத் தடுக்காது, ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதே வழி. குவியத்தையும் திரையில் பெரிதாக்கி, நிலவின் விளிம்பைப் பார்த்துக் கையால் சரிசெய்யுங்கள்.

பின்னர் கணினியில் சிவப்பை அள்ளிப் பூசுவது, என் கருத்தில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. புகையின் நிறம் துணிக்கைகளின் பருமனைப் பொறுத்தது: 1950 செப்டெம்பரில் மேற்குக் கனடாவின் காட்டுத்தீப் புகை அத்திலாந்திக்கைக் கடந்தபோது, ஐரோப்பாவில் சூரியனும் நிலவும் நீலமாகத் தெரிந்தன. கண்டது செம்மஞ்சளானால் செம்மஞ்சளாகவே விட்டுவிடுங்கள். சில கைத்தொலைபேசிகள் நிலவை அடையாளம் கண்டு, தாமாகவே தழும்புகளைத் தெளிவாக்கிச் சேர்க்கின்றன. அந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது.

இத்தகைய படங்களைச் சந்திர கிரகணம் என்று பகிர்வதையும் காண்கிறோம். 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி இரவு இலங்கையில் தெரிந்த முழுக் கிரகணத்தில், நிலவு வானில் உயர்ந்திருக்கும்போதே சிவந்தது. அதற்குக் காரணம் பூமியின் நிழல். புகையில் சிவந்ததைப் புகையென்றே எழுதுங்கள். படத்துக்காக வைக்கோலுக்குத் தீயிடச் சொல்லவோ, புகைக்குள்ளேயே நிற்கவோ வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்த்து, வாவிக்கு இப்பாலேயே நின்று எடுக்கலாம்.