ஏர் ரைஃபிள் குறி மேலும் கீழும் சிதறியது: என் அனுபவம்

பேரலை மடக்கி லோடு செய்யும் மலிவு விலை 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். வில்லாபுரம் வீட்டுக் கொல்லையில் 10 மீட்டரில் சுட்டால் துளைகள் மேலும் கீழுமாக விழுந்தன. பெல்லட் (சுடும் சிறு குண்டு) மாற்றினேன், பேரல் துடைத்தேன், ஸ்டாக் (துப்பாக்கியின் அடிக்கட்டை) திருகுகளை இறுக்கினேன். ம்ஹூம்.

பக்கவாட்டில் மட்டும் விலகவே இல்லை. அப்போ குறிபார்க்கும் சைட் சரிதான், பெல்லட்டின் வேகம்தான் ஒவ்வொரு முறையும் மாறுகிறதோ? பேரல் மூட்டின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்து, பெல்லட் போட்டுச் சுட்டேன் (காலியாகச் சுட்டால் பிஸ்டன் அடிவாங்கும்). தாள் பறந்தது. காற்றுக் கசிவு!

அந்த மூட்டில் காற்றை அடைக்கும் ரப்பர் ஸீல் பார்வைக்குப் புதுசு போலத்தான் இருந்தது. ஆனால் பள்ளத்துக்குள் அமுங்கிக் கிடந்தது. பழைய ஓஎச்பி ஷீட்டில் (புரொஜெக்டருக்கான மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வளையம் வெட்டி அடியில் கொடுத்தேன். தடிமன் கூடினால் பேரல் பூட்டாது, கவனம். இப்போது தாள் அசையவில்லை, துளைகளும் நெருங்கிவிட்டன. அப்பாடா.