பாம்பன் நீர்மட்டமும் பில்டர் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

சிக்னல் பிராசஸிங் ஆராய்ச்சிக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் கணக்கு இது. பாம்பன் கரையில் ஓர் அளவுகோலை நட்டு, தினமும் காலை 6 மணிக்கு மட்டும் நீர்மட்டத்தைக் குறித்தால், மூன்று மாதத்தில் வரைபடம் எப்படி இருக்கும்?

ஏறக்குறைய 15 நாளுக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும். ஆனால் சந்திரனால் வரும் முதன்மை ஓதம் 12.42 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி வற்றுகிறது. 24 மணி நேரத்துக்கு ஒரு சாம்பிள் (ஓர் அளவு)தான் எடுத்தோம் என்பதால் அது 14.77 நாள் அலையாக வேடம் மாறி நிற்கிறது. இதுதான் ஏலியாசிங். "அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் பெருகுமே சார்" என்று மாணவர்கள் காரணம் சொல்வார்கள். காலமும் பொருந்திவிடும், அதனால் சந்தேகமே வராது. அந்நாட்களில் பெருகுவது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள இடைவெளி. சராசரி மட்டம் அல்ல.

பிறகு பில்டர் (வேண்டாத அலைகளை நீக்கும் வடிகட்டி) போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பதுதான் இத்துறையில் மிகப் பெரிய தவறு. வேடமிட்ட அலை உண்மையான மெல்லிய அலையோடு கலந்தபின் பிரிக்க முடியாது. 1930இல் வந்த பட்டர்வொர்த் பில்டரானாலும், 1972இல் வந்த பார்க்ஸ்-மெக்லெலன் முறையானாலும் அதற்கு உதவாது. சாம்பிள் எடுக்கும் முன்பே வடிகட்ட வேண்டும். ஓதமானிகளில் இதற்கு அழகான பழைய வழி உண்டு: அடியில் சிறு துளையுள்ள குழாயைக் கடலில் நிறுத்தி, அதற்குள் மட்டத்தை அளப்பது. சில வினாடி அலைகள் துளையிலேயே அடங்கிவிடும். மணிக்கணக்கில் நகரும் ஓதம் உள்ளே வரும். அந்தக் குழாயே மெதுவான அலைகளை மட்டும் உள்ளே விடும் ஒரு லோ-பாஸ் பில்டர். பாசியும் சிப்பியும் துளையை அடைத்தால் கட்-ஆஃப் (எவ்வளவு வேகமான அலை வரை விடுவது என்ற எல்லை) மாறி, ஓதமே பிந்தியும் குறைந்தும் பதிவாகும். கணினியில் எத்தனை நுணுக்கமாக வடிவமைத்தாலும், குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யாதவரின் தரவை நான் நம்புவதில்லை. பாம்பனில் ஓத வீச்சே ஒரு மீட்டருக்குக் குறைவு. சில சென்டிமீட்டர் பிழையும் இங்கே பெரிது.

அடுத்தது தாமதம். ஆறு நிமிடத்துக்கு ஒரு சாம்பிள், 101 கெழுக்கள் (சாம்பிள்களைப் பெருக்கும் எண்கள்) கொண்ட சமச்சீர் எஃப்.ஐ.ஆர் பில்டர் (உள்ளீட்டுச் சாம்பிள்களை மட்டும் கொண்டு கணக்கிடுவது) என்று வைத்துக்கொள்வோம். வெளியீடு 50 சாம்பிள் பிந்தும், அதாவது 5 மணி நேரம். அதைக் கழிக்காமல் உச்ச ஏற்ற நேரத்தைக் குறித்தால், நாம் ஏற்றம் என்று சொல்லும் வேளையில் கடல் வற்றிக்கொண்டிருக்கும். முன்னும் பின்னுமாக இருமுறை வடிகட்டினால் தாமதம் நீங்கும். ஆனால் நேரலையில் அது முடியாது. தொடரின் இரு முனைகளிலும் வரும் மதிப்புகளை நம்பவும் கூடாது.

படிநிலையை (பில்டர் சமன்பாட்டின் படியை) உயர்த்தினால் பில்டர் சிறக்கும் என்ற ஆசையும் வேண்டாம். ஓதத்தை நீக்க 40 மணி நேரக் கட்-ஆஃப் வைத்தால், ஆறு நிமிடத் தரவில் அது 400 சாம்பிள். எட்டாம் படி ஐ.ஐ.ஆர் பில்டரை (தன் பழைய வெளியீட்டையும் திரும்பச் சேர்த்துக் கணக்கிடுவது) ஒரே சமன்பாடாக எழுதினால் துருவங்கள் (அளவில் 1ஐத் தாண்டினால் பில்டரை நிலைகுலையச் செய்யும் எண்கள்) எல்லாம் 1ஐ நெருங்கி நிற்கும். கெழுக்களில் நுண்ணிய துல்லியப் பிழை வந்தாலே வெளியீடு எல்லையின்றிப் பெருகக்கூடும். முதலில் மணிக்கொரு சராசரியாகக் குறைத்து, பில்டரை இரண்டாம் படித் துண்டுகளாக அடுக்குவதே சரி.

எது இரைச்சல் என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. என் முதல் ஆண்டில், வாடைக்காலத்துப் பாக் நீரிணைத் தரவில் ஓதம் மட்டும் எனக்குத் தேவைப்பட்டது. அலைகளை வடிகட்டி, மூலக் கோப்பின் மீதே சேமித்தேன். மறு ஆண்டு, காற்று எழுப்பிய அலைகளை ஆராய அதே தரவு வேண்டியிருந்தது. அந்த வாடை போனது போனதுதான். இன்று என் மாணவர்கள் மூலக் கோப்பை எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, பயன்படுத்திய பில்டரின் கெழுக்களை அதன் பக்கத்திலேயே வைக்கிறார்கள்.