பருவத்துக்கு வராத பசு: காரணம் தாடைக்கு அடியில் இருந்தது

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கலப்பினப் பசு கன்று போட்டு மாதங்கள் ஓடியும் பருவத்துக்கு வரவில்லை. தாது உப்பு, ஊசி, முளைகட்டிய பயறு எல்லாம் கொடுத்தாயிற்று. சாணப் பரிசோதனையிலும் புழு இல்லை என்றார்கள். ஒன்று மட்டும் உறுத்தியது: மேய்ந்து திரும்பும் சாயங்காலம் தாடைக்கு அடியில் மெத்தென்று நீர் கோத்திருக்கும், விடிந்தால் வற்றிவிடும். இதைக் கேட்டதும் வேறொரு கால்நடை மருத்துவர் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, அடியில் படிந்த வண்டலைப் பார்த்தார். தட்டைப்புழு முட்டை! கனமானது, மிதக்கவைத்துப் பார்த்தால் சிக்காது. இந்தப் புழு ஈரலைக் கெடுத்து, ரத்தத்தைக் குறைத்து, உடம்பு தேறவிடாமல் பருவத்தையே நிறுத்திவிடும். ஆக்ஸிகுளோசனைடு என்ற புழு மருந்தை எடைக்கேற்ப ஊற்றினார். வளர்ந்த புழுவைத்தான் அது கொல்லும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடியும். இந்தப் புழு நத்தை வழியாகத்தான் பரவும் என்பதால், நத்தை மண்டிய ஏரிக்கரை மேய்ச்சலை நிறுத்தினோம். வீக்கம் வடிந்தது, அப்புறம் தானாகப் பருவத்துக்கு வந்தது. இப்போது சினை உறுதி, பெரிய நிம்மதி.