கடற்கரையில் வைக்கிங் இறைச்சிக் கஞ்சி

வைக்கிங் என்பவர்கள் சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் வட ஐரோப்பாவில் வாழ்ந்த கடலோடிகள். அவர்கள் பாணிக் கஞ்சிக்கு உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றும் வேண்டாம். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கப் பக்கம் போன பிறகுதான் அவை அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போயின. வைக்கிங் சட்டியில் இருந்திருக்க முடியாது.

நாலு பேருக்கு எலும்போடு ஆட்டிறைச்சி 1 கிலோ, இரவே ஊறவைத்த பார்லி 150 கிராம், வெங்காயம் 2, லீக்ஸ் 2, கரட் 2, பட்டர் 2 மேசைக்கரண்டி, சதகுப்பை அரைத் தேக்கரண்டி, உப்பு. சதகுப்பை மருந்துச் சரக்குக் கடையில் கிடைக்கும்.

மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரை மணலில் அடுப்புக்கல் புதைந்து சட்டி சரியும். ஒரு சாண் குழி தோண்டி, செங்கல் பரப்பி, அதன்மேல் மூன்று கல் வையுங்கள். ஆற்று ஈரக்கல் சூட்டில் வெடிக்கும், தொடவே வேண்டாம். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் மறையுங்கள்.

இறைச்சியைப் பட்டரில் இரண்டு மூன்று தடவையாகச் சிவக்க வதக்குங்கள். ஒரேயடியாகப் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும், நிறம் வராது. பிறகு வெங்காயம், உப்பு, இரண்டரை லீற்றர் தண்ணீர். கொதித்ததும் விறகை வெளியே இழுங்கள். சட்டி ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழி வந்தால் போதும். இப்படி ஒன்றரை மணி நேரம். தீயைக் கூட்டினால் இறைச்சி நாராகிவிடும்.

பார்லி அதன் பிறகுதான்; முந்திப் போட்டால் அடிப்பிடிக்கும். 40 நிமிடம் அகப்பையால் அடியைத் துழாவிக்கொண்டே இருங்கள். கரட் கடைசி 20 நிமிடம். லீக்ஸ் மடிப்புக்குள் மண் இருக்கும். நெடுக்கே பிளந்து கழுவி, சதகுப்பையோடு கடைசி 10 நிமிடத்தில் போடுங்கள்.