கத்தரிக்கோலை முதலில் ஒளித்து வையுங்கள்: பழைய தபால்தலை சேகரிப்பில் செய்யக் கூடாதவை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் பழைய கடித உறைக் கட்டு ஒன்றை 300 ரூபாய்க்குப் பேசி முடித்தார். அந்தக் கட்டின் மேல் எனக்கும் ஒரு கண்தான். ஆசையாக வாங்குகிற பிள்ளையிடம் போட்டி போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர் அங்கேயே ஓரமாக உட்கார்ந்தார், பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "தம்பி, நில்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் சட்டை விற்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டாம்ப் மட்டும் போதும் சார், கவரெல்லாம் எடத்த அடைக்கும்" என்றார் அவர்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நான் என் பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கையைக் கழுவு, சாமணத்தால் எடு, செலோடேப் ஒட்டாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுவோம்.

பழசென்றால் விலை என்று நினைப்பது

தாத்தா பெட்டியில் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ஓரணாத் தபால்தலை கிடைத்ததும் "நூறு வருஷத்துப் பொருள், லட்சத்துக்குப் போகுமா?" என்று கேட்டு வருகிறார்கள். போகாது. பழுப்பு நிற ஓரணாவைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். உலகின் முதல் தபால்தலையான 1840ஆம் ஆண்டு பென்னி பிளாக்கே கிட்டத்தட்ட 6 கோடியே 80 லட்சம் அச்சானது. அதற்கு நல்ல விலை இருக்கிறது என்றாலும், கிடைக்காத பொருள் அல்ல.

எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. 15 ஆகஸ்ட் 1948இல் காந்தி நினைவாக வந்த 10 ரூபாய்த் தபால்தலை ஜார்ஜ் ஓரணாவைவிட வயதில் சின்னது. ஆனால் கவர்னர் ஜெனரலின் அலுவலகப் பயன்பாட்டுக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சு (அச்சான தலையின் மேலேயே மறுபடி அடிக்கும் எழுத்து) போட்ட அதே காந்தி 100 மட்டுமே உருவானது. உலகமே அதைத் தேடுகிறது.

உறையிலிருந்து வெட்டி எடுப்பது

என் தாத்தாவின் அண்ணன் சைகோனில் (அன்றைய பிரெஞ்சு இந்தோசீனா, இன்றைய வியட்நாம்) பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்தார். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் இது அதிசயமில்லை. தெருவுக்கு ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்), ஒரு சைகோன் குடும்பம் இருக்கும். அவர் முத்தியால்பேட்டை வீட்டுக்குப் போட்ட கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. எனக்குப் பன்னிரண்டு வயது. முழுப் பரீட்சை லீவு. ஒரே மத்தியானத்தில் அத்தனையையும் வெட்டி, அலுமினியப் பேசினில் ஊறப் போட்டு, தலைகளைத் திண்ணையில் காய வைத்தேன். உறைகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின.

கிடைத்தவை ஏர் உழுகிறவர் படம் போட்ட இந்தோசீனா தபால்தலைகள். இன்றும் கேட்டலாக்கின் (தபால்தலை விலைப்பட்டியல் புத்தகத்தின்) அடிமட்ட விலைதான். எரித்தது என்ன என்று புரிய இருபது வருடம் ஆனது.

அந்த உறைகளில் சிலவற்றின் ஓரத்தில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. 'பரிசோதகரால் பிரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தணிக்கைப் பட்டை அது. யாரோ கிழிந்ததை ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். 1940 செப்டம்பரில் புதுச்சேரி, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சு ஜெனரல் தெ கோல் பக்கம் சேர்ந்தது. இந்தோசீனா, ஜெர்மனியிடம் பணிந்துபோன பிரான்சின் விஷி அரசு பக்கம் நின்றது. ஒரே பிரெஞ்சுக் கொடிக்குக் கீழ் இருந்த இரண்டு ஊர்கள் எதிரெதிர் அணி. அதற்குப் பிறகு சைகோனிலிருந்து ஒரு கடிதம் இங்கே வந்தது என்றால், எந்தத் துறைமுகம் சுற்றி, யார் கையில் பிரிபட்டு வந்தது என்பதையெல்லாம் உறை மட்டும்தான் சொல்லும். என் பெரிய தாத்தாவின் கடிதங்கள் அந்த மாதத்துக்கு முன்னாலா, பின்னாலா? தெரியாது. முத்திரையின் ஒரு பாதி தபால்தலை மேல், மறுபாதி உறை மேல். ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் என் ஆல்பத்தில் இருக்கின்றன. தேதி அடுப்பில் போய்விட்டது.

ஒன்றே ஒன்று தப்பியது. பாதி வெட்டும்போது பாட்டி சோறு தின்னக் கூப்பிட்டார். அந்த உறை எப்படியோ பஞ்சாங்கத்துக்குள் போய்விட்டது. வலது ஓரத்தில் அரை அங்குல வெட்டோடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே, உறை கையில் வந்தால் இப்படிப் பாருங்கள். முன்பக்க முத்திரையில் ஊரும் தேதியும். பின்பக்கத்தில் வந்து சேர்ந்த முத்திரை. வழியில் விழுந்த முத்திரைகள், தணிக்கைக் குறிகள். ஒட்டியிருக்கும் தலைகளின் மொத்தத் தொகை அந்தக் காலத்துத் தபால் கட்டணத்துக்குச் சரியாக வருகிறதா என்பது. புதுச்சேரி ஆட்சி 1 நவம்பர் 1954 அன்று இந்தியாவிடம் வந்தது. அந்த வாரத்துப் புதுச்சேரி முத்திரையோடு ஓர் உறை கிடைத்தால், அதில் ஒட்டியிருப்பது தனியாக இரண்டு ரூபாய்கூடப் பெறாத சாதாரண இந்தியத் தலையாக இருக்கலாம். வெட்டினால் உங்களிடம் இரண்டு ரூபாய் இருக்கும். வெட்டாவிட்டால் இருப்பது வேறு. எங்கள் கடலூரிலும் அப்படித்தான். 'கடலூர் என்.டி.', 'கடலூர் ஓ.டி.' என்று புதுநகரும் முதுநகரும் தனித்தனியாக விழுந்த பழைய முத்திரைகளைத் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், நான் உட்பட.

இடத்தை அடைக்கிறதாம்! ஒரு செருப்பு டப்பாவில் இருநூறு உறை அடங்கும்.

கல்யாண உறையை மற்றதோடு ஊறவைப்பது

நேற்றைய சாதாரணத் தபாலாக இருந்தால் ஊறவைத்து எடுக்கலாம். தலையைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி, பச்சைத் தண்ணீரில் முகம் மேலாகப் போடுங்கள். தானே கழன்று வரும், உரிக்காதீர்கள். நம்மூர்க் கல்யாணப் பத்திரிகை உறையின் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். அதைப் பொதுப் பேசினில் போட்டால் எல்லாத் தலையும் மஞ்சள் குளித்து எழுந்துவரும். சிவப்பு உறையும் சாயம் விடும். இவற்றுக்குத் தனிக் கிண்ணம்.

பணத்தை பிராங்க் என்று படிப்பது

பிரெஞ்சிந்தியத் தலைகளை எடுத்துவந்து "ஒரு பிராங்க், பன்னிரண்டு சென்ட்டிம்" என்று படிக்கிறார்கள். எஃப், ஏ என்ற இரண்டெழுத்து 'ஃபனோன்', அதாவது நம் பணம். சி, ஏ என்பது காசு. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். தொடக்கத்தில் சென்ட்டிம், பிராங்க் கணக்கில்தான் வந்தன. 1914இல் வந்த பிரம்மா படத் தலையும் அப்படியே. 1923இல் அவற்றின்மேலேயே காசு, பணக் கணக்கை அச்சடித்துவிட்டார்கள். புதுக் கணக்கு மேலே ஏறியதும் ஏறாததும் வேறு வேறு தலைகள், வேறு வேறு விலை. வேறுபாடு தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் தலையில் கை வைத்தவர்களில் ஒருவர் என் நண்பர்.

'ஃபிரான்ஸ் லீப்ர்' மேலச்சை நம்புவது

தெ கோல் பக்கம் சேர்ந்த பிறகு பிரெஞ்சிந்தியத் தலைகள்மேல் அடித்த 'சுதந்திர பிரான்ஸ்' என்ற எழுத்து இது. போலிகள் ஏராளம். நிபுணர் சான்று இல்லாமல் பெரிய பணம் கொடுக்காதீர்கள்.

நீர்க்குறியைப் பார்க்காமல் விடுவது

நீர்க்குறி என்பது காகிதத்துக்குள்ளேயே மறைந்திருக்கும் அடையாளம். ஐந்தாம் ஜார்ஜ் தலைகள் முதலில் லண்டனில் அச்சாயின. அந்தக் காகிதத்தில் ஒரு தபால்தலைக்கு ஒரு நட்சத்திரம். 1926 முதல் நாசிக் அச்சகம் அடித்தபோது சின்னச் சின்ன நட்சத்திரங்கள் பரவலாக. முன்னால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கறுப்புத் தட்டில் முகம் குப்புறப் போட்டு, முதுகில் லைட்டர் பெட்ரோல் ஒரு சொட்டு விட்டால் நட்சத்திரம் எழும்பும், ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். பக்கத்தில் கொசுவர்த்தி எரியக் கூடாது, சொல்லிவிட்டேன்.

லேமினேஷன்

வேண்டாம்.

பீரோவின் அடித்தட்டு

30 டிசம்பர் 2011, தானே புயல். மஞ்சக்குப்பம் வீட்டில் கூரை ஓடு போய், கீழ்த்தட்டில் இருந்த புதுத் தலைகள் பசையோடு பசை ஒட்டி ஒரே செங்கல் ஆகிவிட்டன. கடற்கரை ஊரில் ஆல்பத்தை உயரத்தில், நிமிர்த்தி வையுங்கள்.

கேட்டலாக் விலையைக் கைக்காசாக எண்ணுவது

இந்தியத் தலைகளுக்கு ஸ்டான்லி கிப்பன்ஸ், பிரெஞ்சிந்தியாவுக்கு இவேர் எ தெலியே. இரண்டையும் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அது பழுதில்லாத தலைக்குக் கடைக்காரர் சொல்கிற விலை, உங்களிடம் அவர் வாங்குகிற விலை அல்ல. அடிமட்ட விலையாகப் போட்டிருப்பது தலையின் மதிப்பே அல்ல, எடுத்துக் கொடுக்கிற கூலி. ஓரத்தில் ஒரு பல் உடைந்திருந்தாலோ பழுப்புப் புள்ளி விழுந்திருந்தாலோ அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது. ஏலத்தில் போன வாரம் உண்மையில் என்ன விலைக்கு முடிந்தது என்பதுதான் கணக்கு.

நானும் ஒருமுறை ஆல்பம் முழுக்கக் கூட்டி நாற்பதாயிரம் என்று எழுதிவைத்து, சென்னையில் ஒரு வியாபாரியிடம் எடுத்துப் போனேன். மூவாயிரம் சொன்னார். பக்கங்களை விறுவிறுவென்று புரட்டியவர், அரை அங்குலம் வெட்டுப்பட்ட சைகோன் உறையில் மட்டும் நின்றார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பின்பக்கத்தையும் பார்த்தார். "மூவாயிரத்துல ஆயிரம் இதுக்கு மட்டும் சார். இந்த மாதிரி வேற இருக்கா?"