கடல் இல்லாத மாவட்டத்தில் கடற்புழுவை ஆராயும் முறை

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விலங்கியல் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் நீரிஸ் என்னும் கடற்புழுவை உயிரோடு பார்த்திருக்க மாட்டார்கள். ஆய்வக அலமாரியில், ஃபார்மலின் குடுவைக்குள் வெளிறிக் கிடக்கும் உடலே அவர்கள் அறிந்த நீரிஸ். ஆயினும் அந்த ஒரு புழுவை முறையாகப் பார்த்தால் அது எந்த இனம் என்பதையும், எத்தகைய கரையில் வாழ்ந்தது என்பதையும் பெருமளவு கணித்துவிடலாம். இந்தியக் கரைகளிலிருந்து நெடுங்காலமாகப் பதிவாகிவரும் பெரினீரிஸ் கல்ட்ரிஃபெரா என்னும் நீரிஸ் குடும்ப இனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதற்கான வழியைச் சொல்கிறேன்.

புழுவைத் தொடுவதற்கு முன் குடுவையின் சீட்டைப் படித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த இடம், நாள், பாறையா சேறா என்ற விவரம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் "நீரிஸ்" என்ற ஒற்றைச் சொல்லோடு பல ஆண்டுகள் நின்ற குடுவை ஒன்று உண்டு. அதை வைத்து உடலமைப்பைக் கற்பிக்கலாமே தவிர, பரவலைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, புழுவை வாலை வடிநீரில் சில முறை அலசி ஃபார்மலினை நீக்கிய பின் 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி என்பதால், அது கண்ணாடித் தகட்டில் காயும்போது வெண்படலம் படிந்து பார்வையைக் கெடுக்கும்.

முதலில் தலையைக் கைவில்லையால் பாருங்கள். முன்முனை மடலில் இரண்டு குட்டையான உணர்கொம்புகள், அவற்றின் இருபுறமும் தடித்த இரண்டு பால்ப்புகள் எனப்படும் உணர்வுறுப்புகள், மேற்புறத்தில் 4 கண்கள், அடுத்த வளையத்தில் 4 இணை நீண்ட உணர்இழைகள் ஆகியவை தெரிய வேண்டும். மண்புழுவின் வழுவழுப்பான முன்முனையை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு இது வேறு உலகமாகத் தோன்றும். இரைதேடித் திரியும் உயிருக்கு இத்தனை புலனுறுப்புகள் தேவைப்படுகின்றன.

இனத்தைத் தீர்மானிப்பது தொண்டைதான். நீரிஸ் தன் தொண்டையைக் கையுறையின் விரலைப் புரட்டுவதுபோல் வெளியே தள்ளக்கூடியது. அதன் நுனியில் இரண்டு கருந்தாடைகளும், சுவரில் பாராக்னாத் எனப்படும் நுண்பற்களும் உள்ளன. ஃபார்மலினில் நேரடியாக இட்ட புழு தொண்டையை உள்ளிழுத்துக்கொண்டே இறந்திருக்கும் என்பதால், வாயின் அடிப்புறத்திலிருந்து நடுக்கோட்டில் நுண்கத்தரியால் வெட்டி, தொண்டைச் சுவரை விரித்து ஊசியால் குத்தி நிறுத்த வேண்டும். அறிஞர்கள் இச்சுவரைத் தாடையருகில் I முதல் IV வரையும், வாயருகில் V முதல் VIII வரையும் எண்ணிட்டுள்ளனர். மேற்புறத்தின் பக்கவாட்டில் அமைந்த VI-ஆம் பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக அகலமான பட்டைப்பல் இருந்தால் அது கல்ட்ரிஃபெராவின் முக்கிய அடையாளம். அங்கே பல குறும்பட்டைகள் வரிசையாக இருந்தால் பெரினீரிஸ் நுன்ஷியா என்னும் உறவு இனத்தின் வகையைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்; படம் வரைந்து, பற்களை எண்ணி எழுதுங்கள்.

அடுத்து, உடலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பக்கக் காலை அடியோடு வெட்டி, கிளிசரின் துளியில் வைத்து மூடுதகடு இட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். மேல்கிளை, கீழ்கிளை என இரண்டாகப் பிரிந்த அதன் உள்ளே, கிளைக்கு ஒன்றாக ஊன்றுகோல்போல் அசிக்குலம் எனப்படும் கரிய தாங்குமுள் தெரியும். வெளியே விசிறியாக நிற்கும் சீட்டாக்கள் எனப்படும் முள்மயிர்கள் மண்புழுவினுடையவைபோல் ஒற்றைத் துண்டானவை அல்ல; தண்டும் அலகும் மூட்டால் இணைந்தவை. முதல் இரண்டு இணைக் கால்கள் மட்டும் ஒற்றைக் கிளையுடையவை என்பதால் அவற்றை எடுத்து ஏமாறக் கூடாது.

பரவலை எழுதும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கல்ட்ரிஃபெராவை 1840-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் குரூபே விவரித்தது மத்தியதரைக் கடல் மாதிரிகளைக் கொண்டு. பிரெஞ்சு அறிஞர் ஃபோவெல் 1953-இல் இந்தியப் பாலிகீட்டாக்களை (நீரிஸ் உள்ளிட்ட பலமுள்மயிர்ப் புழுக்களை) தொகுத்த காலத்தில் ஒரே இனம் பல கடல்களில் வாழ்வதாகக் கொள்வது வழக்கம். இன்றோ அப்பெயரின்கீழ் பல இனங்கள் கலந்திருக்கக் கூடும் என்று கருதப்படுவதால், மன்னார் வளைகுடா மாதிரியைக் "கல்ட்ரிஃபெராவை ஒத்தது" என்று எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து. வாழிடத்தையும் ஒப்பிடுங்கள்: இது பாறையிடுக்கிலும் பாசித் திரளிலும் ஓதப் பகுதியில் வாழ்வது. கிருஷ்ணகிரி அணையைக் கடந்து செல்லும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் சேரும் முகத்துவாரத்துச் சேற்றில் எடுத்த புழுவுக்கு இதே பெயரை இடுவதற்கு முன் தொண்டையை மறுபடியும் பாருங்கள். உப்புக் குறைந்த சேற்றில் வாழும் நமாலிகாஸ்டிஸ் பேரினத்துக்குப் பாராக்னாத்தே கிடையாது.

நேரில் சேகரிக்கச் செல்வோர் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதையும், அங்கு வனத்துறை அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். உயிருள்ள புழுவை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளரவிட்டு, தலைக்குப் பின்னால் மெல்ல அழுத்தினால் தொண்டை வெளியே வரும். அதே நிலையில் பதப்படுத்தினால் கத்தரி வேலை மிச்சம். பார்த்து முடித்த உடலைப் புதிய எத்தனாலில் இட்டு, வெட்டிய காலின் தகட்டு எண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குடுவையின் உள்ளேயே போட்டு மூடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு நாளடைவில் உதிர்ந்துவிடும்.